மூடியே கிடக்கும் ஜன்னலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

குரோம்பேட்டையில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அளவெடுக்க வீடு வீடாகப் போவதும் நானேதான். புது ஃபிளாட்டில் குடியேறும் பெண்கள் துணியின் நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன்னால் சொல்வது இதுதான்: "எதிர் வீட்டுக்கு எதுவும் தெரியக் கூடாதுக்கா. ஆனா வெளிச்சமும் உள்ளே வரணும்." இதில் பேராசை எதுவும் இல்லை. சேமிப்பையெல்லாம் போட்டு, கடனும் வாங்கி வீட்டுக்கு வருகிறவருக்கு இவை இரண்டுமே சேர வேண்டியவை. தவறான இடத்தில் ஜன்னலை வைத்துவிட்டு, துணி வாங்கி மறைத்துக்கொள் என்று குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பல்லாவரம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் எழும்பியிருக்கும் குடியிருப்புகள் பலவற்றில் அடுத்த கட்டடம் சில அடி தூரத்தில் நிற்கிறது. இந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல். அங்கே தாளித்தால் இங்கே வாசனை வரும். அப்புறம் யார் திரையை விலக்குவார்கள்? அண்மையில் ஒரு வீட்டுக்குப் போனபோது காலை பதினொரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒரு பாட்டி மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழுப்பு இலை எது, நல்ல இலை எது என்று ஒவ்வொரு ஈர்க்கையும் கண்ணருகே தூக்கிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி ஜன்னல், அதன் மேல் கனத்த பிளாக்-அவுட் துணி. குடிவந்த நாளிலிருந்து அந்தத் துணியை விலக்கியதே இல்லை என்றார் மருமகள்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது பாதித் திரை. ஜன்னலின் நடுவில் ஒரு ராடு போட்டு, கீழ்ப் பாதியை மட்டும் துணியால் மறைப்பது. எதிர் வீட்டுக்காரர் உங்கள் தரைக்குச் சமமான உயரத்தில் நிற்கிறார் என்றால் அவர் பார்வையில் படுவது பெரும்பாலும் கீழ்ப் பாதிதான். அறைக்குள் ஆழமாகப் போய் விழும் வெளிச்சமோ மேல் பாதி வழியாக வருவது. கூரைக்கு வெள்ளை அடித்திருந்தால் அது இன்னும் பரவும். எதிர் வீடு ஒரு மாடி மேலே இருந்தால் மட்டும் மேல் பாதியையும் யோசிக்க வேண்டும்.

மெல்லிய ஷியர் துணியையும் கண்ணாடியில் ஒட்டும் மிரர் ஸ்டிக்கரையும் நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் நிற்பவருக்குக் குறைந்த பக்கம் தெரியாது. இரண்டும் வேலை செய்வது இந்த ஒரே காரணத்தால். பகலில் வெளியே வெயில், உள்ளே நிழல். வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் நிலைமை தலைகீழ். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும். விற்பவர்கள் பகலில் வந்து காட்டிவிட்டுப் போவதால் இது வாங்கும்போது புரிவதில்லை. பால் நிற ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் இரவிலும் காக்கும். கண்ணாடியை ஒட்டி நின்றால் நிழலுருவம் மட்டும் தெரியும். அதையும் கீழ்ப் பாதிக்கு ஒட்டினால் போதும். நேர் வெயில் அடிக்கும் கண்ணாடியில் அடர்நிற ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விடலாம் என்பதால், கண்ணாடி எந்த வகை என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

இந்தப் பாதித் திரையின் வேலையை நம் பழைய வீடுகளில் ஜன்னலே செய்தது. தெருவை ஒட்டிய வீடுகளில் நாலு கதவு ஜன்னல் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, தனித்தனிக் கொக்கி. கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர் பார்வை மரத்தோடு நின்றுவிடும். காற்றும் வெளிச்சமும் தலைக்கு மேலே தாராளமாக வரும். இன்று எங்கும் வைக்கிற ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் ஒதுங்குகிறது. இரண்டு கதவு ஜன்னல் என்றால் அதிகபட்சம் பாதிதான் திறக்கும். திறந்த பாதியோ மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரியும். அலுமினியத்திலும் யுபிவிசியிலும் நாலு கதவு ஜன்னலைச் செய்ய முடியாது என்பதில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் செய்வதில்லை.

சட்டம் படித்த வாடிக்கையாளர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகு, ஜன்னலையும் அந்தரங்கத்தையும் குறித்து என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும் என்கிறது 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறை என்றால் 20 சதுர அடி ஜன்னல். பரப்பு சரியாக இருக்கலாம். ஆனால் அது எதைப் பார்த்துத் திறக்கிறது? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்தில் தலையிடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற ஊர் வழக்கத்தை எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. அப்படி வழக்கமுள்ள இடத்தில் அது உரிமையே என்று 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாட்டு வண்டி ஓடிய காலத்தில் பிடிபட்ட இந்த விஷயம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நம் வரைபடங்களில் ஏறவில்லை.

லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பார்வை மாடத்திலிருந்து மக்கள் தங்கள் வீட்டுக்குள் பார்க்கிறார்கள் என்று எதிரே இருந்த கண்ணாடிச் சுவர் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். திரை போட்டுக்கொள்ளலாம், ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்றது கீழ் நீதிமன்றம். 2023இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மேல் பொறுப்பைச் சுமத்துவது தவறு என்றது. அது பார்வையாளர்கள் திரண்டு வந்து நின்ற மாடம்; அடுத்த வீட்டு ஜன்னலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சுமை யார் மேல் என்ற கேள்வி இங்கும் அதேதான்.

சின்ன மனை, சதுர அடிக்கு இவ்வளவு விலை, எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள் கட்டுநர்கள். எதிர்க் கட்டடத்து ஜன்னலுக்கு நேராக வராமல் உங்கள் ஜன்னலை மூன்றடி தள்ளி வைக்க ஒரு சதுர அடியும் செலவாகாது. இடைவெளி குறுகலான பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கும் அகலமான ஜன்னலை வைக்கலாம். பால்கனிக்கும் சர்வீஸ் பக்கத்துக்கும் துளைகள் விட்ட ஜாலிச் சுவர் கட்டலாம். குடியிருப்போர் சங்கங்கள், வெளித்தோற்றம் கெடும் என்று எல்லாவற்றையும் தடுப்பதை விட்டு, கீழ்ப் பாதிக்கு ஒரே மாதிரி வெள்ளை ஸ்டிக்கர் என்று தீர்மானம் போடலாம்.

ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் ஒருமுறையாவது மாலை ஏழு மணிக்குப் போங்கள். அறை விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து, எங்கிருந்தெல்லாம் உள்ளே தெரிகிறது என்று பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்கள் எங்கே என்று வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அனுமதி தரும் அதிகாரிகளிடமும் கேட்பது அதையே. பக்கத்தில் ஏற்கெனவே கட்டடம் இருந்தால் அதன் ஜன்னல்களும் வரைபடத்தில் வரட்டும். நேருக்கு நேர் வருவதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். பகலில் திறந்து வைக்கக்கூடிய ஜன்னலை மட்டும் அந்த ஆறில் ஒரு பங்கில் சேருங்கள்.