திறவுகோல் யார் கையில்?

மலையகத்தின் வரலாற்றிலே 'துண்டு' என்றொரு சொல் உண்டு. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய காகிதமே அது. அக்காகிதம் கங்காணியின் பிடியில் இருந்தவரை தொழிலாளிக்கு வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. கடனோடு ஆளும் கைமாறினான். 1921 ஆம் ஆண்டில் சட்டம் அம்முறையை ஒழித்தது. காகிதம் சிறிது, அதை வைத்திருந்தவனின் அதிகாரமோ பெரிது!

துண்டு ஒழிந்தது, ஆனால் நம் திறவுகோலைப் பிறர் கையில் விடும் பழக்கம் ஒழிந்ததா? பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலயிலும் உள்ள தோட்டங்களிலிருந்து பதுளை நகருக்கு வந்து கைத்தொலைபேசி வாங்கும் நம் மக்களை எண்ணிப் பாருங்கள். கணக்கைத் திறப்பவர் கடைக்காரர். கடவுச்சொல்லைத் தெரிந்தெடுப்பவரும் அவரே. பெரும்பாலும் அது தொலைபேசி இலக்கமாகவோ பிள்ளையின் பிறந்த ஆண்டாகவோ இருக்கும். அதையும் அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால், நல்லவர் கையில் இருந்தாலும் நம் வீட்டுச் சாவி நம்முடையதாக இருக்க வேண்டாமா?

"அன்றாடச் சம்பளத்துக்கே போராடும் மக்களுக்குக் கடவுச்சொல் ஒரு கவலையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கொழும்பிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணம் கைத்தொலைபேசி வழியாக வரும் காலம் இது. குடும்பத்தின் பேச்சும், சங்கத்தின் ஆலோசனையும், அடையாளப் பத்திரங்களின் படங்களும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. பத்திரம் இல்லாதவனின் கதி என்னவென்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன; உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வாழ்ந்தது உண்மை, அதை மெய்ப்பிக்கும் தாளோ பலர் கையில் இல்லை.

இனி, மறையாக்கம் என்பது யாது? நாம் எழுதும் செய்தியை, உரிய திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாதபடி கணிதத்தாற் பூட்டுவதே அது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இவ்வாறே பூட்டப்பட்டுச் செல்கின்றன. பழைய செய்திகளின் சேமிப்பையும் கடவுச்சொல்லாலோ 64 இலக்கத் திறவுகோலாலோ பூட்டும் வசதி 2021 இல் வந்தது. அதைத் தொலைத்தவருக்கு அந்த நிறுவனமே நினைத்தாலும் திறந்து கொடுக்க முடியாது. பூட்டின் பலமும் அதுவே; ஆபத்தும் அதுவே.

ஆகவே நம்முன் நிற்கும் அபாயங்கள் இரண்டு: ஒன்று, திறவுகோல் பிறர் கையிற் சேர்வது, மற்றது, அது அடியோடு தொலைவது. முதலாவதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் அரசாங்கத்தையே பாருங்கள். 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் கணினி மேகத்துக்குள் புகுந்த கயவர்கள் அங்கிருந்தவற்றைத் தம் திறவுகோலாற் பூட்டினர். தனியே எடுத்துவைத்த பிரதி இல்லாமையால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. இரண்டாவதை மலை நமக்குக் கற்பித்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. உயிர்களை விழுங்கிய மண், பெட்டியிலிருந்த பத்திரங்களையா விட்டுவைக்கும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கடவுச்சொல்லைத் தனிச்சொல்லாக அன்றி, தொடர்பற்ற ஐந்தாறு சொற்களின் தொடராக அமையுங்கள். தோட்டத்தின் பெயரும், குலதெய்வத்தின் பெயரும், அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம்; அவற்றை அயலார் எளிதில் ஊகிப்பர். 1995 இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் எளிய முறையை வகுத்தார். மனம் தேர்ந்த சொல்லை மற்றொரு மனம் ஊகிக்கலாம். பகடை தேர்ந்ததை யார் ஊகிப்பார்? தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் தட்டலாம்.

வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்றெனத் தனித்தனியே வையுங்கள். அவற்றைத் தாளில் எழுதுவதிற் குற்றமில்லை. அத்தாளைத் தொலைபேசியின் உறைக்குள் செருகுவதே குற்றம். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றை உறையிலிட்டு ஒட்டி, வேறு மலைச்சரிவில் வாழும் நம்பிக்கைக்குரிய உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. இலக்கம் கேட்பவர் எவராயினும், சொல்லாதீர்கள்.

எழுதப் படிக்க அறியாத தாய்மாருக்கு உதவி வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உதவுபவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை அந்தத் தாய்க்கே இருக்கட்டும். படத்தையோ எண்ணையோ அழுத்தும் விரல் அவருடையதாக இருக்கட்டும்.

தொழிற்சங்கங்களைக் கேட்கிறோம்: சந்தாப் பணம் வாங்கும் நீங்கள், ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பாடத்துக்கு ஒதுக்கினால் என்ன? அரசாங்கத்தைக் கேட்கிறோம்: இந்தியாவின் உதவியோடு எண்ணியல் அடையாள அட்டை கொண்டுவர 2022 இல் உடன்படிக்கை செய்தீர்கள்; அட்டையைக் கொடுக்குமுன் அதைக் காக்கும் கல்வியைத் தமிழில் கொடுக்க வேண்டாமா? சொற்பட்டியலொன்றைத் தமிழில் அச்சிட்டு, ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் அனைத்துக்கும் ஒரு பகடையுடன் அனுப்ப எத்தனை ரூபாய் செலவாகும்?

துண்டைக் கங்காணி வைத்திருந்த காலத்தில், அதை மீட்க நம் பாட்டன்மாருக்குச் சட்டம் வேண்டியிருந்தது. இன்றைய திறவுகோலை மீட்கச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடவுச்சொல்லை இன்றிரவே மாற்றுங்கள்!