ஓடிப் பார்த்தது போதும், மிதந்து பாருங்கள்!

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு எங்கள் லால்குடியில் என்னைத் தேடி வருபவர்களில் பலர் டூர் போய்விட்டு வந்தவர்கள்தான். "ஒரே நாள்ல நவக்கிரகக் கோயில் ஒம்பதையும் முடிச்சிட்டோம் டாக்டர்!" என்று பெருமையாக ஆரம்பிப்பார்கள். அப்புறம்தான் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், கால் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வேன் நிற்காது என்று தண்ணீரே குடிக்காத அம்மா. பாத்ரூம் தேட வேண்டுமே என்று நீர் மாத்திரையை நிறுத்திய அப்பா. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, பதினோரு மணி வரை டிபன் கிடைக்காமல் வேர்த்துப்போன சித்தப்பா. இது சுற்றுலாவா, தண்டனையா?

உடம்பின் வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி எல்லாம் இதில் சேர்த்தி. இவற்றை அடக்கக்கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். வேன் பயணத்தில் நாலைந்தையாவது அடக்காமல் வீடு திரும்ப முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் படகில் போங்கள். பிரான்சில் இதற்கென்றே போகிறார்கள். 1681-ல் வெட்டி முடித்த 'கனால் து மிதி' கால்வாய் சுமார் 240 கி.மீ. நீளம். அதில் படகு மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கரையில் போகிற சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போவார்! அந்த மெதுவுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. பக்கிங்காம் கால்வாயில் படகில் மாமல்லபுரம் போனதைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். அந்தக் கால்வாய் இன்று சென்னைக்குள் சாக்கடை. நம்மூர்ப் பெருவளை, அய்யன் வாய்க்கால்களோ பாசனத்துக்கானவை. மதகும் தாழ்ந்த பாலமுமாக இருப்பதால் படகுக்கு ஆகாது. ஆகவே ஆலப்புழைதான். திருச்சியில் ராத்திரி ரயிலேறினால் காலையில் எர்ணாகுளம், ஆலப்புழை பக்கம்தான்.

அங்கே கெட்டுவள்ளம் என்று ஒரு படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிச் செய்தது. ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தது. இப்போது நம்மைச் சுமக்கிறது. படுக்கையறைக்கு அடுத்தே கழிப்பறை, பின்பக்கம் அடுப்படி. பசித்தால் சாப்பாடு, அசந்தால் கட்டில். சாயங்காலம் மீனவர்கள் வலை போடுகிற நேரத்தில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் தூக்கம் வரும். வேகங்களை அடக்க அவசியமே இல்லாத வாகனம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏறாதீர்கள். 2009-ல் தேக்கடியில் 45 பேர், 2023 மே 7-ந் தேதி தானூரில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். படகு பதிவு செய்ததா, ஆளுக்கொரு மிதவைச் சட்டை உண்டா என்று கேளுங்கள். 'சார், நீச்சல் தெரியும்' என்று மீசையை முறுக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அந்தத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டாம், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகள். குட்டநாட்டில் எலிக்காய்ச்சல் உண்டு. இளஞ்சிவப்பாகத் தருகிற பதிமுகத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் முழுவதும் கொதித்ததா, பச்சைத் தண்ணீர் கலந்ததா என்று விசாரித்துக் குடியுங்கள். ராத்திரியில் கரிமீன் வறுவலைக் குறையுங்கள், தயிர் வேண்டவே வேண்டாம். பகலில் மீன் சாப்பிட்டால் நான் கோபிக்கமாட்டேன்!

ஏ.சி.க்காக ராத்திரி முழுக்க டீசல் ஜெனரேட்டர் ஓடுகிற படகு, பாட்டும் பாட்டிலுமாக இளவட்டங்கள் ஏறுகிற படகு, இந்த இரண்டும் உங்களுக்கு வேண்டாம். அதற்கு வேனே தேவலை.

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது டாக்டர்?" என்பீர்கள். ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை பயணிகள் படகு விடுகிறது. பஸ் மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளோடும் காய்கறிக் கூடைகளோடும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் வயலோரமாகப் போகலாம். கட்டணம் மிகச் சொற்பம். கழிப்பறைக்கு மட்டும் படகுத்துறையிலேயே போய்விட்டு வந்து, ஜன்னலோர இடமாகப் பார்த்துப் பெரியவர்களை உட்கார வையுங்கள்.