51 தட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வரும் ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் என் மகன். போன வாரம் போனில், "அப்பா, 51 தட்டாவது வைக்கணும்ப்பா" என்றான். அது என்னடா கணக்கு என்று கேட்டேன். "மச்சானோட அண்ணன் பிள்ளைக்குப் போன வருசம் 31 வச்சாங்கள்ல?" என்றான். பணத்துக்கு என்ன செய்வாய் என்றதற்கு, "பர்சனல் லோன் போட்டுக்கலாம்ப்பா, இப்ப ஆப்லயே குடுத்துடுறான்" என்கிறான்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டில் யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள். அந்த 51 எங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்த எண்.

போன வருடம் அந்த 31 தட்டையும் நான் பார்த்தேன். வாத்தியார் பழக்கம், எண்ணியும் பார்த்தேன். கண்ணாடி வளையலை நிறம் பிரித்து வைத்ததில் ஆறு தட்டு. சாக்லேட்டை மயில் மாதிரி, வீடு மாதிரி அடுக்கியது ஐந்து. சோப்பு ஒரு தட்டு, பவுடர் ஒரு தட்டு, சீப்பும் கண்ணாடியும் ஒரு தட்டு. ஒரு மஞ்சள் பையில் அடங்கும் சாமான். தட்டும் அலங்காரமும் வாடகை. முன்னால் செண்டை மேளம் வேறு. மூன்றாம் நாள் போனபோது ஆப்பிள் பாதி அழுகி, அந்தம்மா தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் ஐந்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்கும். எல்லாரிடமும் 12 வண்ண கிரேயான் டப்பாதான். ஒரு நாள் ஒரு பையன், வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று 24 வண்ண டப்பாவோடு வந்தான். அன்றுவரை 12 போதாது என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. அந்த வாரமே நாலு அப்பாக்கள், "சார், 24 எங்க கிடைக்கும்?" என்று கேட்டு வந்தார்கள். வாங்கியும் கொடுத்தார்கள். பிள்ளைகள் வரைந்தது என்னவோ அதே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். (அந்த நாலு பேரில் இருவர் இந்தப் பதிவைப் படிப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.)

பொருள் இல்லாததால்தான் ஆசை வருகிறது, கிடைத்துவிட்டால் அடங்கிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். சீரில் மிக்ஸி வந்தால் ஊரே திரும்பிப் பார்த்த காலம் எனக்குத் தெரியும். 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சி, 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று அரசாங்கமே வீடு வீடாகக் கொடுத்தது. அது நல்ல காரியம். எத்தனையோ அம்மாக்களின் தோள்வலியைக் குறைத்தது. ஆனால் எல்லார் வீட்டிலும் மிக்ஸி வந்த பிறகு சீரில் மிக்ஸிக்கு மரியாதை போய்விட்டது. பிரிட்ஜ் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, இப்போது ஸ்கூட்டி. பக்கத்து வீட்டில் இல்லாதது எதுவோ அதுதான் சீர்.

தங்கமும் அப்படித்தான். 2024 மார்ச் கடைசியில் சவரன் 50 ஆயிரத்தைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றரை வருடம்தான். நம் சொந்தத்தில் ஒரு சவரன் போட்டவர்கள் அரை சவரனுக்கு இறங்கினார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் குறை வெளியே தெரியக்கூடாது என்று தட்டை ஏற்றினார்கள்.

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். 1989இல் என் அக்கா மகள் சடங்குக்கு நான் செய்ததும் இதுதான். ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம், பட்டுப்பாவாடை, தோடு என்று இறக்கினேன். என் சகலை அவர் அக்கா வீட்டுக்குச் செய்ததைவிட ஒரு உருப்படி கூட. மூன்று வருடம் சம்பளத்தில் பிடித்தம் போனது. அந்த அண்டா இன்றைக்கும் அக்கா வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தப் பெண்ணிடம் போன பொங்கலுக்குக் கேட்டேன், உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கிறது என்று. "நீங்க குடிசை கட்ட ஓலை வெட்டப் போயி கையைக் கிழிச்சுக்கிட்டு வந்தீங்களே மாமா" என்றது. அண்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை!

சீர் என்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லாத காலத்தில், பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். அதே 1989இல்தான் தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்குப் பொருந்தாது. என் அக்காவுக்குப் பொருந்தவில்லை. சட்டம் தடுக்காதபோதும் நான் அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் அவளுக்கு ஒரு சென்ட் கொடுக்கவில்லை. அண்டா கொடுத்தேன். ஊரும் என்னை நல்ல தம்பி என்றது. சட்டம் வந்த பிறகும் எத்தனை வீடுகளில் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

அதனால் மகனிடம் இப்படிச் சொன்னேன். நான் குடியிருக்கும் வீட்டில் பாதி உன் தங்கைக்கு என்று எழுதிப் பதிவும் செய்தாகிவிட்டது. உனக்கு அதில் வருத்தமில்லை என்று அன்றைக்கே சொன்னாய். அதைவிடப் பெரிய சீர் எந்த மாமனும் கொண்டுவரப் போவதில்லை. காதுகுத்துக்குத் தேங்காய் பழம், பூ, இனிப்பு, துணி, தோடு. 5 தட்டு. கடன் கூடாது.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "சரிப்பா, ஆனா 11 வச்சுக்கலாமா?" என்றான். மகள் பக்கத்திலிருந்து, "அண்ணா, 5 போதும், தூக்குறதுக்கு ஆள் இல்ல" என்று கத்தியது எனக்கே கேட்டது.

5 என்று முடிவாகிவிட்டது. சொந்தக்காரர்கள் மண்டபத்தில் வைத்து, "வாத்தியார் வீட்டுச் சீர் இவ்வளவுதானா?" என்று என் மகனிடம் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள், இங்கேயே கேளுங்கள். மாணவர்கள் பரிசுப்பொருள் எதுவும் வாங்கி வராதீர்கள், வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஒன்பது இருக்கிறது. மொய் நோட்டு வைப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் முடிவாகவில்லை. நாற்பது வருடமாக எழுதிய மொய்யை விட முடியாது என்கிறாள் அவள்.