ஆள் பிடிக்கிற வேலை

கல்யாணத் தரகருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவருக்கு மூன்று முடிச்சு விழுந்ததும் கமிஷன் வந்துவிடும். எனக்கு, மாப்பிள்ளை மூன்று மாசம் ஓடிப்போகாமல் குடித்தனம் பண்ண வேண்டும்!

பத்திரிகைக்கு எழுதுகிற நேரம் போக நான் செய்வது எக்ஸிக்யூடிவ் ரெக்ரூட்மென்ட். கம்பெனிகளுக்கு ஃபாக்டரி மானேஜர், ஃபைனான்ஸ் ஹெட் மாதிரி பெரிய தலைகளைத் தேடிக் கொடுப்பது. ஆபீஸ்: சாப்பாட்டு மேஜை. மானேஜிங் டைரக்டர்: நான். ப்யூன்: அதுவும் நான். இங்கிலீஷில் 'ஹெட்ஹன்ட்டர்' என்றால் கம்பீரமாக இருக்கிறது. 'தலை வேட்டைக்காரன்' என்று தமிழில் சொன்னால் போலீஸ் வந்துவிடும். என் மாமியார் சுருக்கமாக, ''மாப்பிள்ளைக்கு ஆள் பிடிக்கிற வேலை'' என்று சொல்லிவிடுகிறார்.

நேற்று முளைத்த தொழில் இல்லை இது. 1926-லேயே நியூயார்க்கில் தார்ன்டைக் டிலண்ட் என்பவர் ஆரம்பித்துவிட்டார். நம் நாட்டில் 1969-ல் ஏபிஸி கன்சல்டன்ட்ஸ் வந்தது. 1997-ல் நௌக்ரி வந்தபோதும், 2003-ல் லிங்க்டுஇன் வந்தபோதும் 'இனிமே தரகனுக்கு வேலை இல்லை' என்றார்கள். இருக்கிறோம்.

கணக்குக்கு வருவோம். (பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?) என்னைப் போன்ற தனி ஆளுக்கு வழக்கமாகக் கிடைப்பது வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம். 100-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு மாசச் சம்பளம். பெரிய கம்பெனி கன்சல்டன்ட்டுகள் மூன்று தவணையாக, முதல் தவணையை வேலை ஆரம்பிக்கும்போதே வாங்கிக்கொள்வார்கள். நமக்கு, ஆள் சேர்ந்தால் காசு. சேராவிட்டால் டெலிபோன் பில்.

தை மாசம் தேட ஆரம்பித்தால் இன்டர்வியூ எல்லாம் முடியப் பங்குனி. பழைய கம்பெனியில் மூன்று மாச நோட்டீஸ். ஆனியில் ஆள் சேருவார். தொண்ணூறு நாளுக்குள் ஓடிவிட்டால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்பதால், அதுவரை செக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஆக, தையில் தேடிய ஆளுக்குத் தீபாவளிக்குத்தான் காசு. சிறு தொழில் என்று பதிவு செய்திருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டினால் பணம் வரும். அடுத்த வேலை வராது!

அதனால் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் ஒரு வருஷ வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். ஒரே கம்பெனியை நம்பாதீர்கள். முக்கியமாக, ஆளைப் பார்த்த முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள். ''உங்க முதலாளி இதே சம்பளம் தர்றேன்னா இருந்துடுவீங்களா சார்?'' ''ஊர் மாற வீட்டுல சம்மதமா?'' பையன் ப்ளஸ் டூ என்றால் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அம்மாக்கள் நகர மாட்டார்கள்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். பழகினாலும் வராத ஒன்று இருக்கிறது.

கோயமுத்தூர்க்காரர் ஒருவர். நாற்பத்தாறு வயது, ஃபாக்டரி மானேஜர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு அவரைப் பிடித்துப்போய், வருஷம் 36 லட்சம் என்று பேசி முடித்தாயிற்று. எனக்கு மூன்று லட்சம். அதற்குள், அதே நாற்காலியில் இருந்த இரண்டு பேர் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, சம்பளமும் இழுத்தடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது. அன்றைக்கு ராத்திரியே அவர் போன்.

''வேலைய விட்டுட்டு வர்றதுன்னா சாமானியமுங்களா? நீங்க சொல்லுங்க தம்பி, சேந்துக்கலாங்களா?''

மேஜை மேல் என் பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ் நோட்டீஸ். 'தாராளமா' என்கிற ஒரு வார்த்தைக்கு மூன்று லட்சம்! இதுவரை எழுதியதில் எனக்கு எந்தப் பத்திரிகையும் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு தந்ததில்லை.

''முன்னாடி அங்க இருந்த ரெண்டு பேரையும் கேட்டு அவங்க நம்பரைத் தர்றேண்ணே. பேசிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க'' என்றேன். பேசினார். சேரவில்லை. அந்தக் கம்பெனியும் அத்தோடு என்னை மறந்துவிட்டது. ஸ்கூல் ஃபீஸ், நகைக் கடனில் போயிற்று.

அவர் எனக்குப் பத்து பைசா தரவில்லை, தரவும் கூடாது. வேலை தேடுகிறவரிடம் ரெஜிஸ்ட்ரேஷன், டெபாசிட் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். எங்களுக்குக் கூலி கம்பெனி தருவது. ஆனால் நான் எப்போது கூப்பிட்டாலும் இரண்டாவது மணிக்குள் அவர் எடுத்துவிடுகிறார். யார் கெட்டிக்காரர், யார் வாய்ச்சொல் வீரர் என்று ஒளிக்காமல் சொல்கிறார். அவர் காட்டிய இரண்டு பேர் இன்றைக்கு நல்ல இடத்தில் இருக்கிறார்கள்.

லிங்க்டுஇன்னில் எல்லோர் பெயரும் இருக்கிறது. நம் போனை யார் எடுப்பார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்தத் தொழிலில் முதல் போட்டவன் என்று நான் சொல்லிக்கொள்வது அந்த லிஸ்ட்டைத்தான்.

பி.கு: பயோடேட்டா அனுப்பக் கிளம்பிவிட்டவர்களுக்கு. நான் வேலைக்கு ஆள் தேடுகிறவன்; ஆளுக்கு வேலை தேடுகிறவன் அல்ல. இந்த வித்தியாசத்தை மாமியாருக்கு ஆறு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவருடைய தம்பி பையனின் பயோடேட்டா இன்னும் என் சாப்பாட்டு மேஜையில்தான், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது.