சுவருக்கு வண்ணம் வந்தது, வாத்தியார் எப்போது?

கண்ணகி நகர் இளைஞர்கள் பலர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் துரைப்பாக்கம் என்று எழுதுகிறார்கள். உள்ளதை எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள் என்பது பட்டுத் தெரிந்த பாடம். 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள்; சுனாமிக்குப் பிறகு இன்னும் பலர். 2020-இல் ஓவியர்கள் வந்து அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலான முகங்களை வரைந்தார்கள். குற்றச் செய்திகளில் மட்டுமே அடிபட்ட ஊர்ப் பெயர், படத்தோடு பத்திரிகைகளில் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஏணியை மடக்கிக்கொண்டு ஓவியர்கள் போய்விட்டார்கள். அந்தச் சுவரைப் பார்த்து வளரும் பிள்ளையின் கையில் தூரிகையைக் கொடுத்து, நாளையும் மறுநாளும் கூடவே இருக்க ஆள் வேண்டாமா?

இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கபடி சாட்சி. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். அந்தப் பகுதியிலேயே பயிற்சி பெற்றவர். கலைக்கும் இதே கணக்குதான்.

சட்டத்தில் குறை இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. இதற்காகத் தமிழகத்தில் 2012-இல் 16,549 பேரை எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி மட்டும் நிரந்தரமாகவில்லை. போராட்டப் பந்தலில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்த ஓவிய ஆசிரியர் எந்த உற்சாகத்தோடு கரும்பலகை முன் நிற்பார்? 2022 முதல் அரசு கலைத் திருவிழா நடத்துகிறது, பரிசும் தருகிறது. போட்டிக்கு முந்தைய வாரம் அவசரமாகப் பழக்கிவிடுவதற்குப் பெயர் கலைக் கல்வி அல்ல.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்குப் பாட்டும் பறையும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலை. ஆனால் பிள்ளை பள்ளிக்கு வந்தால்தானே எழுத்துக் கூட்ட முடியும்! 2019 டிசம்பரில், படிப்பாண்டின் நடுவே, சென்னையில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை, இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பழைய பள்ளி 20 கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படிப் பிடுங்கி நடப்பட்ட பிள்ளையைப் புதிய வகுப்பறைக்குள் இழுத்துவர, அதற்கு ஏற்கெனவே தெரிந்த தாளத்தைவிட நல்ல கயிறு கிடையாது. கானா பாடுகிற பையனை ரவுடியாகப் பார்க்கும் கண்ணையும் அந்தப் பள்ளியே திருத்தலாம்.

வெளியாள் வந்து தொடங்குவதில் தவறில்லை. அடையாறில் 1894-இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஆல்காட் அமெரிக்கர். அது இன்றும் நடக்கிறது. தொடங்கியவர் யார் என்பதைவிட, அவருக்குப் பிறகும் மணி அடித்ததா என்பதே கேள்வி.

ஆகவே, மறுகுடியமர்வுப் பகுதிகளில் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே பள்ளியும் திறந்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு மாலை ஏழு மணி வரை அந்தக் கட்டடத்தைப் பூட்டாமல் பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் விட வேண்டும். அங்கே சொல்லித்தர ஆட்களைத் தூரத்தில் தேட வேண்டாம். பறையடிப்பவரும் கானா பாடுபவரும் அதே அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறார்கள், சாவுக்கும் திருவிழாவுக்கும் அழைப்பு வரும்வரை கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டு. பட்டச் சான்றிதழ் கேட்காமல் அவர்களை ஆசிரியராக அமர்த்தி, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஏற்பாட்டை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே செய்ய வேண்டும்.