கோடுகளில் உறைந்திருந்த வண்ணம்

விக்டோரியா அரசியாரின் ஆட்சியின் பிற்பகுதியில், சிறப்பாக அவர் அரியணையேறிய ஐம்பதாம் ஆண்டு நிறைவு 1887இலும் அறுபதாம் ஆண்டு நிறைவு 1897இலும் கொண்டாடப்பட்ட காலத்தை ஒட்டி, வழக்கிலிருந்த வெள்ளி நாணயங்களுக்கு எனாமல் பூசி அணிகலனாக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. பெண்கள் அவற்றை மார்பில் குத்தும் புரூச்சாகவும் கழுத்துப் பதக்கமாகவும் அணிந்தனர். ஆண்கள் சட்டைக் கைப்பொத்தானாகவும், பையிலிட்ட கடிகாரத்தின் சங்கிலியில் தொங்கும் அணியாகவும் கொண்டனர். இத்தொழிலின் தலைமையிடம் பொற்கொல்லர்களும் அச்சு வெட்டுவோரும் நெருங்கி வாழ்ந்த பர்மிங்காம் நகரம். அங்கே இக்கலையில் முன்னோடியாக வில்லியம் ஹென்றி புரோபர்ட்டும், அதனை மேன்மையுறச் செய்தவர்களாக எட்வின் ஸ்டீலும் அவருடைய மகன் ஹென்றி ஸ்டீலும் போற்றப்படுகின்றனர்.

எனாமல் என்பது அடிப்படையில் கண்ணாடிதான். நிறமூட்டிய கண்ணாடியைப் பொடித்து, நீரில் குழைத்து, உலோகத்தின்மீது இட்டு, உலையில் உருக்கி ஒட்டவைப்பதே முறை. கோபால்ட்டின் ஆக்சைடு நீலத்தையும், செம்பின் ஆக்சைடு பச்சையையும், வெள்ளீயத்தின் ஆக்சைடு ஒளிபுகா வெண்மையையும் தரும். நாணயத்தில் இதைச் செய்வதற்குக் கைவினைஞர் முதலில் உருவங்களைச் சுற்றியுள்ள தளத்தை நுண்ணிய உளியால் குடைந்து குழிகளாக்குவார். உருவங்களும் எழுத்துகளும் மெல்லிய கரைகளாக எஞ்சி நிற்க, அக்குழிகளில் எனாமல் நிரப்பப்படும். பிரெஞ்சுமொழியில் சாம்ப்லெவே எனப்படும் இந்தக் குழித்து நிரப்பும் முறை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பழமையானது. ஆயினும் வெறுந்தகட்டில் தன் விருப்பப்படி வரைந்து குடைவதற்கும், வேறொருவர் வெட்டிய அச்சால் அடிக்கப்பட்ட நாணயத்தில், அவருடைய ஒரு கோடும் சிதையாமல் குடைவதற்கும் வேறுபாடு பெரிது. வெப்பமும் இடையூறு செய்தது. அக்காலப் பிரிட்டானிய வெள்ளி நாணயம் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாக அமைந்த கலவை. அது சுமார் 800 பாகை செல்சியசில் இளகத் தொடங்கிவிடும், எனாமல் உருகுவதற்கு வேண்டிய வெப்பமோ பெரும்பாலும் அதற்கு அருகிலேயே இருக்கும். பல நிறங்கள் கொண்ட பணியில், மிகுந்த வெப்பம் வேண்டும் நிறத்தை முதலிலும் குறைந்த வெப்பம் போதும் நிறத்தை இறுதியிலும் இட்டு, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே உலையில் வைத்து எடுத்து, முடிவில் மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கி மெருகேற்றினர்.

இக்கலைஞர்கள் மிகுதியும் நாடியவை கேடயம் பொறித்த நாணயங்கள். அதற்கான காரணத்தை அழகுணர்ச்சியில் மட்டும் தேடுவது போதாது. அரச குடியின் கேடயச் சின்னம் பிறப்பிலேயே வண்ணமுடையது: இங்கிலாந்துக்குச் சிவப்புத் தளத்தில் மூன்று பொற்சிங்கங்கள், ஸ்காட்லாந்துக்குப் பொன் தளத்தில் எழுந்து நிற்கும் செஞ்சிங்கம், அயர்லாந்துக்கு நீலத் தளத்தில் பொன்யாழ் என்று ஒவ்வொன்றின் நிறமும் விதியால் உறுதிப்பட்டது. வண்ணமே இல்லாத உலோகத்தில் இச்சின்னத்தைப் பொறிக்க நேர்ந்தபோது, நிறத்தைக் கோடுகளால் குறிக்கும் ஒரு மரபு கைக்கொள்ளப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டா என்ற இயேசு சபைத் துறவியின் நூல்கள் வழியே பரவிய அம்மரபின்படி, செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன். நாணயத்தைக் கையிலேந்திய பெரும்பாலோர்க்கு அக்கோடுகள் வெறும் நிரப்பு வேலையாகவே தோன்றியிருக்கும். எனாமல் கலைஞர் அவற்றைப் படித்தறிந்து, அச்சு வெட்டியவர் குறிப்பால் மட்டும் சொல்லியிருந்த நிறத்தை அதற்குரிய இடத்தில் ஏற்றினார். அவ்வகையில் இது நாணயத்தின்மீது திணிக்கப்பட்ட ஒப்பனையன்று, அதன் பொறிப்புக்கு எழுதப்பட்ட மிக நுட்பமான உரை.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காலத்தில் 1816 முதல் 1820 வரை வெளிவந்த அரைக் கிரவுன் நாணயம் இதற்குச் சிறந்த சான்று. சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுடைய அந்நாணயத்தின் கேடய நடுவில், மன்னர் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டுக்கும் அரசராயிருந்ததால், அந்நாட்டின் சிறுகேடயம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. நெல்மணியைவிடச் சற்றே பெரிதான அவ்விடத்துக்குள் சிங்கங்களும், செவ்விதயங்கள் சூழ்ந்த நீலச் சிங்கமும், ஓடும் வெண்குதிரையும் அடங்கியுள்ளன. அவற்றுள் நிறம் கலவாமல் எனாமல் நிரப்பிய கை எத்தகையதாயிருக்க வேண்டும் என்று வியக்காமல் இருக்க இயலாது. பெண்கள் ஹனோவர் அரியணை ஏற அந்நாட்டு மரபு இடந்தராததால், 1837இல் விக்டோரியா பட்டமேற்றபோது அச்சிறுகேடயம் பிரிட்டானியச் சின்னத்திலிருந்து நீங்கியது. ஆகவே தம் காலத்துக்கு அறுபது, எழுபது ஆண்டுகள் முந்திய பழைய நாணயங்களைக் கலைஞர்கள் தேடி எடுத்தது, பெருமளவுக்கு இந்தச் சிக்கலான கேடயத்தின் வளத்துக்காகவே எனலாம்.

பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி வடித்த, குதிரைமேலிருந்து டிராகனை வெல்லும் புனித ஜார்ஜின் உருவம் கொண்ட கிரவுன் நாணயத்தில் இவ்வகை விதி ஏதுமில்லை. அங்கே மேலங்கிக்கும் விலங்கின் உடலுக்கும் பின்புலத்துக்கும் நிறம் தேர்வது கலைஞரின் உரிமையாயிற்று.

அரசியின் நாணயத்தைச் செதுக்குவது குற்றமன்றோ என்ற வினா எழுவது இயல்பு. நாணயக் குற்றங்களுக்கான 1861ஆம் ஆண்டுச் சட்டம், பொன், வெள்ளி நாணயத்தைக் குறைத்து அதனை முழுநாணயமாகச் செலவழிக்கும் நோக்கத்தையும், நாணயத்தில் பெயரோ சொல்லோ முத்திரையிட்டுச் சிதைப்பதையும் தண்டித்தது. மார்பில் அணிவதற்காக எனாமல் ஏற்றிய நாணயம் இவ்விரண்டின் நோக்கத்துக்கும் புறம்பானது. ஏமாற்று எப்படியிருக்கும் என்பதை 1887ஆம் ஆண்டே காட்டியது: புதிதாக வந்த ஆறு பென்ஸ் வெள்ளி நாணயம் அரைச் சவரன் பொற்காசைப் பெரிதும் ஒத்திருந்ததால், அதற்குப் பொன்முலாம் பூசிப் பொற்காசாகச் செலவழித்தனர், அவ்வாண்டிலேயே அதன் பின்புற வடிவத்தை அரசு மாற்ற நேர்ந்தது.

நாணயம் சேகரிப்போரில் பலர் எனாமல் ஏற்றிய காசைக் கெட்டுப்போன காசாகவே கருதி ஒதுக்குகின்றனர். இம்மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று. மிகப்பல காசுகளில் ஒரு பக்கம் மட்டுமே வேலைக்கு உட்பட்டு, அரசரின் தலையுருவம் கொண்ட மறுபக்கம் தீண்டப்படாமல் இருப்பதால், எந்த ஆட்சிக் காசு என்பது ஐயமின்றித் தெரிகிறது. வேலைக்கு உட்பட்ட பக்கமோ தனியொரு கலைப்படைப்பாக மதிக்கப்பட வேண்டியது. உண்மையான சேதம் பின்னர் வந்தது: முதல் உலகப்போரை ஒட்டி இவ்வணிகளின் மோகம் தணிந்தபின், ஊசியையும் வளையத்தையும் பிடுங்கியெடுத்ததால் ஏற்பட்ட பற்றாசு வடுக்களும், விழுந்து சில்லு பெயர்ந்த எனாமலும் பல காசுகளில் காணப்படுகின்றன. ஈயம் கலந்த பற்றாசு ஒட்டியிருக்கும் வெள்ளியை மறுபடியும் உலையிலிட்டால் ஈயம் வெள்ளியை அரித்துவிடும் என்பதால், பெயர்ந்த இடத்தை மீண்டும் உருக்கி நிரப்புவது அரிது. நிறமேற்றிய பிசினைச் சூடின்றி இட்டு நிரப்பும் வழக்கம் அதனாலேயே உண்டாயிற்று. உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், உலைக்கண்ணாடியின் ஆழ்ந்த ஒளி அப்பிசினில் இல்லாமையைப் பழகிய கண் எளிதில் இனங்காணும்.