கடற்கரைக்குப் போவோம், நடப்போம்

காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று ஆண்டுக்குப் பத்துப் பயணமாவது போகாத குடும்பம் நம் சங்கத்தில் இருக்காது. ஆனால் பெற்ற பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஒரு பயணம் போகிறோமா? சென்னைக்குப் போனால் மெரினாவில் ஒரு மணி நேரம், ஒரு பொட்டலம் சுண்டல், திரும்பப் பேருந்து. இதைக் கடல் பார்த்ததாக நான் எண்ணவில்லை.

ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிப் பழவேற்காட்டுக்குப் போய்க் கரையோரமாக நீண்ட தூரம் நடந்து வர வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

நகரிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் தலைக்கு மேலே நிற்கிறதே மூக்குப் போன்ற மலை, அதைக் கடலில் வந்த மாலுமிகள் அடையாளமாகக் கொண்டு கரையை அறிந்தார்கள். ஆங்கிலேயர் வரைபடங்களில் அது 'நகரி மூக்கு'. கடலில் இருப்பவன் நம் மலையைப் பார்த்தான். நம் பிள்ளைகளோ அந்தக் கடலைச் சரியாகப் பார்த்ததில்லை.

1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு பழவேற்காடு ஏரியின் ஊடேயும் போகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நம்மைப் போன்ற மக்கள் அதன் கரைகளிலும் உண்டு. பூநாரைகளுக்கு எந்தக் கரையும் சொந்தக் கரையே.

பொன்னேரி வரை மின்சார ரயில் உண்டு, அங்கிருந்து பேருந்து. முதல் நாள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுங்கள். 1613-இல் அவர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. அன்றிரவு பொன்னேரியில் தங்கி, மறுநாள் விடியலில் கலங்கரை விளக்கத்தருகே தொடங்கித் தெற்கே நடக்கலாம். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் உப்பங்கழி. நிழல் கிடையாது; தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே படகுச் சவாரியும் முகத்துவாரக் குளியலும் வேண்டாம். கால் நடை போதும்.

நடையால் என்ன கிடைக்கும்? பள்ளியில் தெலுங்கு, டியூஷனில் ஆங்கிலம், மாலையில் தொலைக்காட்சி என்று வளரும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் தமிழ், "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற இரண்டு கேள்விதான். மூன்று மணி நேரம் சேர்ந்து நடந்தால் அந்த இரண்டு கேள்வியும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகுதான் உண்மையான பேச்சு பிறக்கும். தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார், தறி போட்ட காலத்தில் வீடு எப்படி நடந்தது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். கழிமுகம், வாடைக்காற்று என்ற சொற்களைப் பிள்ளை கண்ணால் கண்டு கற்கும். ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலையிடுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பங்கிடும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். "என்ன பாடு பட்டேன்" என்று மட்டுமே கேட்டறிந்த பிள்ளைக்கு இது புதிய செய்தி அல்லவா?

"விடுமுறையில் டியூஷன் கெடும், செலவாகும்" என்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு வைக்கும் மொய்யில் பாதி கூட ஆகாது. டியூஷனை அடுத்த வாரம் ஈடு செய்யலாம். பதினைந்து வயதுக்குப் பின் நம்மோடு நடக்கப் பிள்ளையை அழைத்தால் வருமா என்பது ஐயமே.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சங்கமே இதை ஏற்பாடு செய்தால் நன்று. சொற்பொழிவு வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். வரிசையாய் நடந்து, பேசிக்கொண்டே போனால் போதும்.